ஒண்ணுமில்லன்னு சொல்லாதீங்க

நம்ம பெயிண்டிங் காண்ட்ராக்டர் சங்க மலருக்கு அனுபவத்தைச் சொல்லுங்கன்னு வந்திருக்கீங்க. செல்போனை முன்னால வச்சுட்டீங்க, பேசுறதெல்லாம் அதுல ஏறும்ங்கிறீங்க. ஏறட்டும். ஆனா சுவத்துக்குப் பட்டி எப்படிப் பாக்கணும், பிரைமர் காய எம்புட்டு நேரம் விடணும்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. அதை டப்பாலயே அச்சடிச்சு ஒட்டியிருக்கான், படிச்சுக்கோங்க. டப்பாவுல ஒட்டாத ஒரு விஷயம் இருக்கு, அதைச் சொல்றேன். சொல்றதுக்கு ஆசைப்பட்டுச் சொல்லல. அலுப்பாத்தான் இருக்கு. இதுல என் யோக்கியதையும் கொஞ்சம் வெளிய வரும். வரட்டும், இனிமே எனக்கு யாரு வேலை தராம போகப்போறா.

நம்ம ராஜபாளையம் பக்கம் பெயிண்டிங் காண்ட்ராக்ட் எடுக்கிறவங்கள்ல பாதிப்பேரு முகாம் ஆட்களை வச்சுத்தான் தொழில் பண்றோம். இலங்கையில சண்டை நடந்தப்ப உயிர் பிழைச்சா போதும்னு படகேறி வந்து, இங்க முகாம்ல குடியிருக்கிறவங்களைச் சொல்றேன். கை சுத்தம், பேச்சு சுத்தம், உயரத்துல அசராம நிப்பாங்க. அதிகாரிங்க வந்து பேரு கூப்பிட்டு ஆள் சரிபாக்குற நாளு மட்டும் வேலைக்கு வர மாட்டாங்க. அன்னைக்கு ஆள் முகாம்ல நிக்கணும். அந்த நாளை விட்டுட்டு வேலையைப் போட்டுக்கிட்டா ஒரு தொந்தரவும் கிடையாது.

என்கிட்ட அப்ப நாலு பேரு. பேரை மாத்தித்தான் சொல்வேன். மூத்தவரு யோகராசா, ஐம்பதைத் தொட்டவரு. சின்னவன் நேசன், முப்பத்தஞ்சு இருக்கும், பொண்டாட்டி வதனி முகாம்லயே தையல் மிஷின் மிதிக்கும். மத்த ரெண்டு பேரும் அண்ணன் தம்பிங்க.

டீ குடிக்கும்போது நாலு பேரும் சேந்து பழைய கதை பேசுவாங்க பாருங்க, எனக்கு ஆரம்பத்துல ஒண்ணுமே விளங்கல. குண்டு விழுந்த கதையைச் சொல்லிச் சிரிப்பாங்க. ஒரு நாள் யோகராசா சொன்னாரு, "பதினொரு இடம் மாறினனாங்கள் அண்ணை. பதினொரு இடத்துக்கும் எங்கட மாமி தேங்காய்த் திருவலையத் தூக்கிக்கொண்டு வந்தவ. கடைசி மூண்டு இடத்தில தேங்காயே இல்லை!" மாமின்னா அவரு மாமியாரு. திருவலைங்கிறது துருவுற பலகை. நாலு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நான் மூஞ்சியைத் தொங்கப்போட்டு "அடப்பாவமே"ன்னு ஒரு உச்சுக் கொட்டினேன். உடனே சிரிப்பு நின்னுபோச்சு. டீ கிளாஸைக் கழுவி வச்சுட்டு ஆளாளுக்கு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அவங்க சிரிச்சா நீயும் சேந்து சிரிலே, முடியலன்னா சும்மா இரு. உச்சுக் கொட்டாத. இதைப் புரிஞ்சுக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

சரி, மில்லுக்கு வாரேன். தேவதானம் போற பக்கம் ஒரு மில்லு, பேரு வேண்டாம். அங்க ஓவர்ஹெட் டேங்குக்கு வெளிப்பெயிண்ட் அடிக்கிற வேலை. ஏழு மாடி உயரம் இருக்கும். சுத்திச் சாரம் கட்டி, பலகை போட்டு, பெல்ட்டு மாட்டி ஆள் ஏத்தியிருந்தேன். அது தேர்தல் நேரம். ஒரு பெரிய தலைவரு ஹெலிகாப்டர்ல வாராருன்னு பக்கத்துக் காட்டுல தரையைச் சமப்படுத்தி, சுண்ணாம்புல வட்டம் போட்டிருந்தாங்க. அவரு வாரதுக்கு முந்தின நாள் ஒரு தடவை சும்மா இறக்கிப் பாப்பாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தான். நான் படிச்சேன். படிச்சு மடிச்சு வச்சுட்டு வேலைக்கு வந்துட்டேன். மழை வரும்னா ஆட்கள்கிட்ட சொல்லுவேன், கரண்ட் போகும்னா சொல்லுவேன். இதைச் சொல்லணும்னு என் மரமண்டைக்குத் தோணவே இல்ல.

அந்த முந்தின நாள் காலையில பதினோரு மணிக்கு டீ வந்துச்சு. மூணு பேரு இறங்கிட்டாங்க. நேசன் மட்டும் மேல இருந்து, "இந்தத் துண்டை முடிச்சிட்டு வாறன் அண்ணை"ன்னான். அப்பத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருந்து சத்தம் கேட்டுச்சு. எனக்கு அது வெறும் சத்தம். நான் திரும்பிப் பாக்குறதுக்குள்ள கீழ நின்ன மூணு பேரும் சுவத்தோட சுவரா ஒட்டிட்டாங்க. டீ தரையில கொட்டிக் கிடக்கு. யோகராசா முதல்ல வானத்தைப் பாத்தாரு, அடுத்து டேங்கைப் பாத்தாரு.

பலகையில நேசனைக் காணோம். டேங்கோட அடியில சுத்தி ஒரு பீம் போகும், ஒண்ணரை அடி அகலம்தான் இருக்கும். பெல்ட்டுக் கொக்கியைக் கழட்டி விட்டுட்டு, பலகையில இருந்து அந்த பீமுக்குத் தாவி, குப்புறப் படுத்துட்டான். தலையை ரெண்டு கையாலயும் மூடியிருக்கான். ஒரு பக்கம் டேங்கு. மறுபக்கம் ஒண்ணும் கிடையாது, கொஞ்சம் புரண்டாலும் நேரா கீழ சிமெண்ட்டுத் தரைதான்.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? கத்தினேன். "ஏலே நேசா! ஒண்ணுமில்லடா! இது நம்மூரு ஹெலிகாப்டர்டா! போயிருச்சு, இனி வராது, எந்திரி!"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். ஹெலிகாப்டரும் மலைப் பக்கமா போய்ச் சத்தம் குறைஞ்சுபோச்சு. அவன் மெதுவா தலையைத் தூக்கினான். என்னைய நம்பித்தான் தூக்கினான். எந்திரிச்சு உக்காந்து, ஒரு காலை பலகைக்கு எட்டி வச்சான். அந்த நேரம் பாத்து அது மலையைச் சுத்தித் திரும்பி வந்துச்சு. முன்னைவிடத் தாழ்வா, காது கிழியுற மாதிரி. அவன் கால் தவறி பெயிண்ட் வாளியில பட்டு, வாளி கீழ வந்து என் முன்னால வெடிச்சது. என் வேட்டி பூரா வெள்ளை. அவன் எப்படித்தான் பீமைப் பிடிச்சுத் திரும்ப ஏறினானோ, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அதுக்குப் பொறவு நான் எம்புட்டுக் கூப்பிட்டும் அவன் அசையல. ஒருதடவை பொய் சொன்ன வாய் சொல்றது அவன் காதுல ஏறுமா?

மேனேஜர் ஓடி வந்தாரு. "என்னங்க இது, ஆளு விழுந்தா மில்லுப் பேரு கெட்டுப்போகும், ஃபயர் சர்வீஸைக் கூப்பிடுங்க"ன்னாரு. சரியான யோசனைதான். போனை எடுத்தேன். யோகராசா என் கையைப் பிடிச்சாரு.

"கூப்பிடுங்கோ அண்ணை. ஆனா சைரன் அடிக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. சைரன் கேட்டா அவன் குதிச்சிடுவான்."

அப்படியே சொன்னேன். அவிய நல்ல மனுசங்க, சத்தம் போடாம வந்து கேட்டுக்கு வெளிய வண்டியை நிப்பாட்டி வலையை எடுத்து வச்சுக்கிட்டாங்க. மேனேஜர் அவங்களை உடனே மேல ஏத்தணும்னு துடிச்சாரு. யூனிஃபார்ம் போட்டவங்க ஏறினா ராணுவம்னு நினைச்சு அவன் என்ன பண்ணுவான்னு யோகராசா வாயால சொல்லல, என்னைய ஒரு பார்வை பாத்தாரு, அம்புட்டுதான். நான் மேனேஜரைத் தடுத்தேன். "பத்து நிமிஷம் கொடுங்க. என்ன ஆனாலும் என் தலை மேல"ன்னேன். அன்னைக்கு நான் செஞ்ச ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

யோகராசா செருப்பைக் கழட்டிட்டு ஏறினாரு. நான் பின்னாலயே பாதி உயரம் வரைக்கும் ஏறி நின்னேன், பேசுறது எனக்கு நல்லா கேட்டுச்சு. அவரு பீமுக்கு எதுத்தாப்புல பலகையில நேசன் மாதிரியே குப்புறப் படுத்துக்கிட்டாரு. தொடல. இறங்குன்னு சொல்லல. பயப்படாதன்னும் சொல்லல. மேட்ச் கமெண்ட்ரி மாதிரி சொல்ல ஆரம்பிச்சாரு.

"நேசன், நான் யோகண்ணை. எனக்கு ஹெலி தெரியுது. மலைப் பக்கம் நிக்குது. இப்ப திரும்புது. வருது. பதிஞ்சு, கீழாலதான் வருது. சத்தம் கூடும், நீ கிட, அசையாத. வந்திட்டுது, எங்களுக்கு மேலால போகுது. போகுது... போயிட்டுது. இப்ப வட்டத்துக்கு மேல நிக்குது. இறங்குது. தூசி எழும்புது. இறங்கீட்டுது. காத்தாடி இன்னும் சுத்துது, நிக்கேல்லை. நிக்கேல்லை... இப்ப நிண்டிட்டுது."

பீம்ல இருந்து நேசன் குரல் வந்துச்சு, முதத் தடவையா. "திரும்ப எழும்புமோ?"

"எழும்பும்"னாரு யோகராசா. "எப்ப எண்டு எனக்குத் தெரியாது."

எனக்குத் தூக்கி வாரிப்போட்டுச்சு. இந்த மனுசன் ஏன் இப்பப் போய் இதைச் சொல்றாரு, இல்ல எழும்பாதுன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானேன்னு நினைச்சேன். ஆனா நேசன் தலையைத் தூக்கினான். அப்பத்தான் எனக்கு மண்டையில உறைச்சது. பந்தோபஸ்துல எனக்குத் தெரிஞ்ச ஏட்டு ஒருத்தரு நின்னாரு. அவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்குத்தான் கிளம்பும்னாரு. நான் மேல பாத்து, கத்தாம, நிதானமா சொன்னேன்: "நேசா, ஏட்டுகிட்ட கேட்டுட்டேன். ரெண்டு மணிக்கு எழும்புமாம். இப்ப மணி பதினொண்ணே முக்கால்."

அவன் என் பக்கம் திரும்பிப் பாத்தான். "ரெண்டு மணி"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டான். யோகராசா கொக்கியை நீட்டினாரு, வாங்கி பெல்ட்டுல மாட்டிக்கிட்டான். படிப்படியா இறங்கி வந்தான். கீழ வந்ததும் என்ன செஞ்சான்னு நினைக்கீங்க? இடுப்புல செருகியிருந்த பிரஷை எடுத்துத் தண்ணியில போட்டான். "காஞ்சிடும் அண்ணை"ன்னான்.

யோகராசாகிட்ட கேட்டேன், இதை எங்கய்யா படிச்சீருன்னு. "பங்கர்க்குள்ள இருந்தா வானம் தெரியாது அண்ணை. ஆராவது ஒராள் வாசல்ல நிண்டு பாத்துச் சொல்லோணும். கிபிர் வந்தா கிபிர் வருது எண்டுதான் சொல்லோணும். இல்லை எண்டு சொன்னா அடுத்தமுறை அவன்ர சொல்லை ஒருத்தரும் கேளாயினம்"னாரு. கிபிருங்கிறது அங்க குண்டு போட்ட விமானம். அந்த வாசல்ல நிக்கிற வேலையை யாரு பாத்தாங்கன்னு நான் கேக்கல. அவரும் சொல்லல.

இதோட முடிச்சிருந்தா நல்ல கதை. நீங்களும் கைதட்டி மலர்ல போட்டுட்டுப் போயிருவீங்க. ஆனா என் லட்சணம் இனிமேதான் இருக்கு.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டாரு. "அந்தப் பையன் இனிமே இந்த கேம்பஸுக்குள்ள வரக்கூடாது. வேற யாரையும் வச்சு முடிச்சுக் கொடுங்க"ன்னாரு. அந்த மில்லுல இன்னும் ரெண்டு வருஷத்துக்கு வேலை இருந்துச்சு. சரிங்க சார்னு தலையாட்டிட்டு வந்தேன். வந்து நேசன்கிட்ட என்ன சொன்னேன்? "ரெண்டு நாளு ரெஸ்ட் எடுப்பா. ஒண்ணுமில்ல. நான் கூப்பிடுறேன்." கேட்டீங்களா? அன்னைக்குக் காலையில ஒண்ணுமில்லடான்னு கத்தின அதே வாயி.

முகாம் ஸ்டாப்புல நின்னு மத்த மூணு பேரையும் லோடு ஆட்டோவுல ஏத்திட்டுப் போவேன். நேசன் தினம் அங்க வந்து நிப்பான். பெயிண்ட் கறை படிஞ்ச வேலைச் சட்டை, கையில சோத்து டப்பா. நான் போனைக் காதுல வச்சுக்குவேன், பேசுற மாதிரி. "நாளைக்குப் பாப்போம்டா"ம்பேன். அவன் தலையை ஆட்டிட்டு டப்பாவோட திரும்பி நடப்பான். ஒன்பது நாள் இப்படி ஓட்டினேன். அவன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சொல்லலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பச்சைப் பொய். அவன் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியமில்ல, அம்புட்டுதான்.

பத்தாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு கல்யாண மண்டபத்துல சாரம் கட்டிச் செய்யுற வேலை. டீ நேரத்துல யோகராசா பக்கத்துல வந்து உக்காந்தாரு.

"அண்ணை, நேசன் நித்திரை கொள்ளுறேல்லை. வதனி அழுகுது."

"ஹெலிகாப்டர் பயம்யா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவோம்"னேன்.

"டாக்டரிட்டயும் போகலாம். ஆனா அவன் முழிச்சிருக்கிறது ஹெலிக்கு இல்லை, உங்களுக்கு. ஹெலி ரெண்டு மணிக்கு எழும்பும் எண்டு அவனுக்குச் சொன்னனீங்கள். நீங்க எங்க நிக்கிறியள் எண்டு அவனுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

எனக்குக் கோவம் வந்துச்சுப் பாருங்க. "எனக்கே புத்தி சொல்றீரா? சம்பளம் கொடுக்கிறவன் நானா நீரா?"ன்னு எகிறினேன். டீயைக் கீழ ஊத்திட்டு எந்திரிச்சுப் போனேன். மண்டபத்துக்குள்ள போயி, அடிச்சு முடிச்ச சுவத்தையே பாத்துட்டு நின்னேன். அரை மணி நேரம் நின்னிருப்பேன். அவமானமா இருந்துச்சு. பொறவு டிவிஎஸ்ஸை எடுத்துட்டு நேரா முகாமுக்குப் போயிட்டேன்.

உச்சி வெயில். நேசன் வீட்டுக்குள்ள சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தான், அதே வேலைச் சட்டையோட. சோத்து டப்பா திறக்காம பக்கத்துல இருக்கு. கண்ணு ரெண்டும் உள்ள போயிருந்துச்சு. வதனி மிஷினை நிப்பாட்டிட்டு, "வாங்கோ"ன்னு எந்திரிச்சுது. நான் பாயில உக்காந்தேன். சுத்தி வளைக்கல.

"நேசா, உன்னைய மில்லுக்குக் கூட்டிட்டு வரக்கூடாதுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. நான் எதுத்துப் பேசல. வேலை கையைவிட்டுப் போயிருமோன்னு பயம். உன்னைய உயரத்துல ஏத்தவும் எனக்குப் பயமா இருக்கு. இனி ஏத்த மாட்டேன். தரையில நின்னு பாக்குற கீழ் வேலை இப்போதைக்கு என்கிட்ட கிடையாது. ஆடி கழிஞ்சா வந்தாலும் வரும், வராமலும் போகும். வந்தா முதல்ல உன்னையத்தான் கூப்பிடுவேன். அதுவரைக்கும் வேற காண்ட்ராக்டர்கிட்ட போறதுன்னா போ. எனக்காக ஸ்டாப்புல வந்து நிக்காத."

அழுவான், இல்ல திட்டுவான்னு நினைச்சேன். அவன் டப்பாவை ஓரமா தள்ளி வச்சான்.

"ஏறுறதுக்கு எனக்கும் பயம்தான் அண்ணை. நாளைக்கு ஏறச் சொல்லுவியளோ எண்டு ஒரு பயம். இனிக் கூப்பிடவே மாட்டியளோ எண்டும் பயம். ரெண்டும் ஒண்டா நிண்டா எப்பிடி நித்திரை வரும்?"

ஆடி கழிஞ்சு நான் கூப்பிட்டேன், அவனும் வந்தான், நான் வேலையை விடுற வரைக்கும் கீழ் வேலை பாத்தான். ஹெலிகாப்டர் பயம் போயிருச்சான்னு கேப்பீங்க. போகல. அதெல்லாம் அப்படி லேசுல போயிராது தம்பிகளா. எங்கயாவது ஹெலிகாப்டர் வருதுன்னு தெரிஞ்சா முந்தின நாளே போன் போட்டு நேரத்தைச் சொல்லிருவேன், அவன் அன்னைக்கு வீட்டுல இருந்துக்குவான். இப்ப அந்த மத்தியானத்தைச் சொல்லி முடிச்சிடுறேன், எனக்கும் அசதியா இருக்கு.

நேசன் எந்திரிச்சான். வேலைச் சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டினான். "குறை நினைக்காதேங்கோ அண்ணை, படுக்கப்போறன்"னு சொல்லிட்டு, அந்தப் பாயிலயே ஓரமா முழங்கையைத் தலைக்கு வச்சுப் படுத்தான். வதனி உள்ள போய் டீ போட்டு எடுத்துட்டு வாரதுக்குள்ள மூச்சு சீராகிப்போச்சு. அந்தப் பிள்ளை ரெண்டு கிளாஸையும் கையில வச்சுக்கிட்டு நிலைப்படியிலயே நின்னுது. கண்ணுல இருந்து பொலபொலன்னு கொட்டுது, துடைக்கக் கையில்ல. நான் எந்திரிச்சு ஒரு கிளாஸை வாங்கிக் குடிச்சேன்.

வெளிய வந்து டிவிஎஸ்ஸை உதைக்கப் போனேன். வதனி ஓடி வந்து கையைக் காட்டிச்சு, வேண்டாம்னு. அந்த வண்டி போடுற சத்தம் உங்களுக்குத்தான் தெரியுமே. அப்படியே தள்ளிட்டுப் போனேன். சந்து முனையில வேப்பமரத்தடியில நாலு பேரு கேரம் ஆடிட்டு இருந்தாங்க. "என்ன அண்ணை, வண்டி ரிப்பேரோ?"ன்னு ஒருத்தரு கேட்டாரு.

"இல்ல. நேசன் தூங்குறான்"னேன்.

ஸ்டிரைக்கரைக் கையில வச்சிருந்தவரு அதை அடிக்காம அப்படியே போர்டுல வச்சாரு. இன்னொருத்தரு எந்திரிச்சு வந்து, தார் ரோடு வரைக்கும் என்கூட வண்டியைத் தள்ளினாரு.